கலியமூர்த்தி கொட்டகைக்கு ப்ளோயர் வைத்த கதை

திட்டக்குடியிலிருந்து முருகவேல் போன் செய்தான். எங்கள் பீங்கான் ஆலையில் எலெக்ட்ரிகல் பிரிவில் எனக்கு வெகுநாள் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். ஆலை மூடியபின் மர வேலை கற்றுக்கொண்டான். இப்போது வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு அலமாரி, ஜன்னல் என்று செய்து கொடுக்கிறான்.

"அண்ணே, தூசு தாங்க முடியல. சோத்துல கூட மரத்தூளு கெடக்குது. ப்ளோயரு வச்சி இழுத்துடலாம்னு இருக்கேன். எத்தன எச்.பி. மோட்டாரு வாங்கட்டும்? பைப்பு என்னா சைசு? எல்லாத்தையும் எழுதி அனுப்புங்களேன்."

இப்படிக் கேட்கிற முதல் ஆள் இவன் இல்லை. விருத்தாசலத்தில் கலியமூர்த்தி வீட்டில் நான் வைத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு வேப்பூர் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் பீரோவைப் பார்க்கிற கூட்டம் மாதிரி. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கலியமூர்த்தியை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. ஆகவே முருகவேலு, கொஞ்சம் பொறுமையாகப் படி. மோட்டார் கணக்கு நடுவில் வரும்.

நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு ஆலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பெல்ட் மாற்றினேன், பேரிங் மாற்றினேன், திட்டு வாங்கினேன். களிமண்ணையும் வெள்ளைக்கல் மாவையும் கலந்து ஜாடி, கப்பு, சாஸர் செய்கிற ஆலை அது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் உடம்பெல்லாம் விபூதி பூசின மாதிரி இருப்போம். டவுன் பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அது உள்ளேயும் பூசுகிறது என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு உறைக்க வைத்தவர் தேவராஜன் சார். பராமரிப்புப் பிரிவின் பொறியாளர். ஒல்லியான ஆள். குரல் எழும்பாது. ஹெல்ப்பரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஊதுபத்திப் பாக்கெட் இருக்கும். புதிதாக வந்தவர்கள் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பழமலைநாதர் கோயில் வாசலைக்கூட மிதித்து நான் பார்த்ததில்லை. ஆலையில் அவருக்குப் 'பத்தி சார்' என்று பெயர்.

காலையில் வந்ததும் ஒரு பத்தியைக் கொளுத்துவார். மாவு அரைக்கும் இடம், சலிக்கும் இடம் என்று தூசு இழுக்கும் குழாய் வாய் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பத்தியை நீட்டிப் பிடிப்பார். தன் மூச்சால் புகை ஆடிவிடக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொள்வார். புகை தலையைச் சாய்த்துக் குழாய்க்குள் போனால் அடுத்த இடத்துக்கு நடப்பார். நெட்டுக்குத்தாக மேலே போனாலோ, ஆளைப் பார்த்துத் திரும்பினாலோ அங்கேயே நின்றுவிடுவார். பிறகு குழாயை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்கிறவரை நடப்பார். சத்தம் எங்கே மங்குகிறதோ அங்கே மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஒரு வளைவாக இருக்கும்.

"காத்து பெரிய சோம்பேறிங்க," என்பார். "நேரா வழி விட்டீங்கன்னா ஓடும். மூலையில மடக்குனீங்கன்னா அங்கயே மூட்டைய எறக்கி வச்சிட்டுப் போயிடும்."

ஒருநாள் சலிக்கும் இடத்தில் உச்சியில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அந்த வெளிச்சத்தில் மாவு பொங்கிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளிப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியறது கீழ விழுந்துடும். தெரியாததுதான் உள்ள போவுது. மேல ஃபேன் வச்சா தூசு ஃபேனுக்குப் போற வழியில ஆளோட மூக்கு இருக்குதுங்களே?"

நான் ஃபேன் பேச்சை விட்டேன். முருகவேலு, நீயும் விட்டுவிடு. தூசு எங்கே பிறக்கிறதோ அங்கேயே பிடி.

அந்த ஆலையில் அவரால் பிடிக்க முடியாமல் போன இடம் ஒன்று உண்டு. பினிஷிங் பிரிவு. அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்து, இன்னும் சூளைக்குப் போகாத சாமானைப் பச்சைச் சாமான் என்போம். அதன் பிசிறைச் சுரண்டி, தேய்த்து, வழவழப்பாக்குவது பினிஷிங் ஆட்களின் வேலை. அங்கேதான் கலியமூர்த்தி இருந்தான். என் வயதுக்காரன், என் தெரு. ஊறுகாய் ஜாடியின் வாய் விளிம்பை அவனைப் போலத் தேய்க்க ஆள் கிடையாது. மற்றவர்கள் தேய்த்ததைக் கண்ணால் பார்த்துச் சரி சொல்வார்கள். அவன் கட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தள்ளி வைத்துவிடுவான்.

பினிஷிங்கில் ஒவ்வொரு ஆளுக்குப் பக்கத்திலும் ஒரு குழாய் வாய் வைத்து ஒரு ப்ளோயரில் இணைத்தோம். ஓட்டிய சில நாளிலேயே சூளையிலிருந்து ஜாடிகள் வெடித்து வர ஆரம்பித்தன. குழாய் ஒரு பக்கமாகக் காற்றை இழுக்கிறது. காற்று படுகிற பக்கம் ஜாடி சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது, மறுபக்கம் ஈரமாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழுகிறது. சூளைச் சூட்டில் அது வாயைப் பிளக்கிறது. வெடித்த சாமான் செய்தவன் கணக்கில் ஏறாது, அதற்குக் கூலி கிடையாது, அதுதான் ஆலை வழக்கம். அதனால் கடைசித் தேய்ப்புக்கு உட்காரும்போது கலியமூர்த்தி இடது கையை நீட்டி ப்ளோயர் சுவிட்சை அணைத்துவிடுவான். அவனைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

பத்தி சார் வந்து பார்த்தார். புகை நெட்டுக்குத்தாக நின்றது.

"ஏங்க நிறுத்துனீங்க?"

"காத்து பட்டா வெடிக்குது சார்," என்றான் கலியமூர்த்தி.

"தூசு உள்ள போவுதே."

"தூசு போனா எப்பவோ சாவறேன் சார். சாமான் வெடிச்சா இந்த மாசமே வூட்டுல அடுப்பு எரியாது."

 பத்தி எரிந்து சாம்பல் செருப்பில் விழும்வரை சார் நின்றுகொண்டே இருந்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் காய்ந்த களிமண் கட்டி ஒன்றை எடுத்து பினிஷிங் பிரிவின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு ஒரு படம் போட்டார். ஒரு மேசை. மேற்பலகை முழுக்கச் சல்லடை மாதிரி துளைகள். அடியில் அகலமான பெட்டி, பெட்டியிலிருந்து குழாய். மெதுவாக, எல்லாப் பக்கமும் சமமாக, கீழ்நோக்கி இழுக்கும். ஜாடி தனியாக உயரத்தில் ஒரு கட்டை மேல் இருக்கும். தேய்க்கிற தூசு விழுகிற வழியிலேயே போய்விடும்.

"காத்து சாமானத் தொடக்கூடாது. தூச மட்டும் தொடணும்," என்றார். கலியமூர்த்தி குனிந்து பார்த்துவிட்டு, "இது வந்தா நான் ஏன் சார் நிறுத்தப்போறேன்?" என்றான்.

அது வரவில்லை. மேலிடத்தில் கேட்டதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தரையில் இருந்த படத்தின்மேல் நாங்கள் நடந்து நடந்து அது அழிந்துபோனது. அதன்பின் ப்ளோயர் ஓடியதெல்லாம் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற நாளில்தான். கேட்டில் கார் நுழைந்ததும் யாராவது ஓடிவந்து சொல்வார்கள். ஜாடிகளை அப்புறப்படுத்திவிட்டு ப்ளோயரைப் போடுவோம். கார் போனதும் அணைப்போம். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கல்யாண மேளம். விருந்தாளி வந்தால்தானே மேளம் கொட்டும்? 

நாங்கள் ஓய்வு பெற்றோம். சில வருடத்தில் ஆலையும் மூடியது. கலியமூர்த்தி சும்மா உட்காருகிறவன் இல்லை. ஊரில் இடிக்கிற பழைய வீடுகளின் ஜன்னல் சட்டங்களை வாங்கி வந்து, வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகையில் ரம்பமும் டிரில்லும் போட்டு நடைவண்டி செய்ய ஆரம்பித்தான். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. குழந்தை பிடிக்கிற கட்டையாயிற்றே, சிராய் குத்தக் கூடாது என்று தேய்த்துத் தேய்த்துப் பீங்கான் மாதிரி ஆக்கிவிடுவான். மாசி மகத்துக்குக் கோயில் பக்கம் கடை போட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விடும்.

இருமல் அதற்கு முன்பே இருந்தது. பீடி இருமல் என்று நினைத்தோம். அவன் பீடி குடித்ததே கிடையாது என்பது பிறகுதான் எங்களுக்கே ஞாபகம் வந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, அப்புறம் கடைத்தெருவரை நடக்க முடியவில்லை. புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். பீங்கான் ஆலை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நுரையீரல் முழுக்கக் கல் மாவு படிந்து இறுகிவிட்டது, போனதை வெளியே எடுக்க வழியில்லை என்றார். இனி எந்தத் தூசும் ஆகாது, மண்ணோ மரமோ எதுவானாலும் இருக்கிற மூச்சும் சீக்கிரம் போய்விடும் என்றும் சொன்னார். அவனுக்கு முன்னாலேயே சொன்னார்.  திரும்பி வரும்போது பஸ் நெய்வேலி தாண்டியதும் கலியமூர்த்தி, "அந்த மஞ்சக் கடம்பு சட்டம் ரெண்டு பாக்கி கெடக்குது," என்றான்.

அப்புறம் ஒருநாள் அவன் மனைவி அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். அவளும் எங்கள் ஆலைதான். பேக்கிங்கில் வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டியவள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"அண்ணே, அவரு கொட்டாயிலயே கெடக்கறாரு. வாணாம்னா கேக்க மாட்டேங்கறாரு. நான் திட்டுவேன்னு கதவச் சாத்திகிட்டுத் தேய்க்கறாரு. மிஷின புடுங்கி வித்துடலாம்னு பாத்தேன். அப்புறம் அவரு செவுத்தப் பாத்துகிட்டு உக்காந்திருப்பாரு, அதையும் என்னால பாக்க முடியாது. நீங்கதான் ஆலையில தூசு மிஷினு பாத்தவரு. அவரு தேய்க்கவும் செய்யணும், தூசு உள்ள போவவும் கூடாது. எனக்கு ரெண்டும் வேணும்ண்ணே."

ஆகட்டும் என்றேன். அவள் கேட்டது நியாயமா என்று யோசிக்கக்கூட இல்லை. யோசித்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன் முருகவேலு. வீட்டுக் கொட்டகைக்கு, ஒரு நேரத்தில் ஒரு மிஷின் ஓட்டுகிறவனுக்கு, இரண்டு எச்.பி. போதும். ப்ளோயரைக் கொட்டகைக்கு உள்ளே வைக்காதே. ப்ளோயரோடு வருகிற துணிப்பை பெரிய தூளைத்தான் பிடிக்கும், நுண்ணிய தூசு துணி வழியாகத் திரும்ப உன்னிடமே வந்துவிடும். நான் சுவருக்கு வெளியே, வேலிகாத்தான் முள் மண்டின காலிமனைப் பக்கம் வைத்தேன். பக்கத்து வீட்டம்மா துணி காயப்போடுகிற கயிறு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொண்டேன். அதைப் பார்க்காமல் வைத்தால் மோட்டார் ஓடும், நீ ஊரில் இருக்க முடியாது. ப்ளோயருக்கு முன்னால் ஒரு டிரம், அதன் மேல் தகரத்தில் கூம்பு. காற்று சுழன்று போகும்போது சுருள் தூளெல்லாம் டிரம்மில் விழுந்துவிடும். குழாய் நான்கு அங்குலப் பிளாஸ்டிக். உள்ளே தூசு ஓடி ஓடிக் குழாய் ஷாக் அடிக்கும், செம்புக் கம்பி சுற்றி எர்த் கொடுத்துவிடு. முழு வளைவு போடவேண்டிய இடத்தில் இரண்டு அரை வளைவு போடு. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தகர அடைப்பு வை. ஓட்டுகிற மிஷினுடையது மட்டும் திறந்திருக்கட்டும்.

ரம்பத்துக்கும் டிரில்லுக்கும் குழாய் வைத்தது சின்ன வேலை. தேய்க்கிற இடத்துக்குத்தான் யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடச் சரியில்லை. என் கை தானாக அந்த மேசையைத்தான் செய்தது. தடித்த பலகையில் வரிசையாகத் துளை போட்டேன். அடியில் பெட்டி அடித்து, உள்தளத்தைக் குழாய்ப் பக்கம் சரிவாக வைத்தேன். கலியமூர்த்தி வீட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது பத்தி சாரு தரையில போட்ட மேசதான?"

"ஆமாம்."

"கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அஞ்சலை ஓடிவந்து முதுகைத் தடவினாள். நான் குனிந்து துளை போட்டுக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் பொருத்தியதும் பத்தி பிடித்துப் பார்க்கவேண்டும். அஞ்சலையிடம் ஒரு பத்தி கேட்டேன்.

"இந்த வூட்டுல பத்தி கொளுத்தறதில்லண்ணே. பொக பட்டா அவருக்கு மூச்சு வாங்குது. சாமிக்கு வெறும் வெளக்குதான். தாளிக்கறதுகூட அடுத்த வூட்டு அடுப்புலதான்."

கடைக்குப் போய் வாங்கி வந்தேன். கலியமூர்த்தியை முன்வாசலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்து நடுக்கதவைச் சாத்தினாள். ஆலையில் மண் தூசு, தீப்பிடிக்காது. இது மரம், பொறி விழுந்தால் கொட்டகையே போய்விடும். ஆகவே தூள் ஏறாத புது டிரம்மாக இருக்கும்போதே இந்தச் சோதனையை முடித்துவிடவேண்டும். ப்ளோயரைப் போட்டுப் பத்தியை மேசைக்கு ஒரு சாண் மேலே பிடித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். புகை அப்படியே கவிழ்ந்து துளைகளுக்குள் போனது. நாலு மூலையிலும் பிடித்தேன். ஒரு இழை என் முகத்துக்கு வரவில்லை. ஆலையில் இத்தனை வருடம் இருந்து நான் செய்த வேலையிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றியது. சந்தோஷப்பட முடியவில்லை. எல்லாக் கதவும் சாத்தியும் முன்வாசலில் இருந்து அவன் குரல் வந்தது.

"பத்தி வாசன லேசா வருதுடா. எவ்ளோ நாளாச்சி."

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போனது. ப்ளோயர் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அவன் உட்கார்ந்துவிட்டான் என்று நானும் நிம்மதியாக இருப்பேன். அப்புறம் அஞ்சலை மறுபடி வந்தாள்.

"அண்ணே, நடுவுல மிஷினு சத்தம் நின்னு போவுது. அப்புறம் சரக்கு சரக்குன்னு உப்புத்தாளு தேய்க்கற சத்தம் மட்டும் கேக்குது. கேட்டா, நான் நிறுத்தலியேங்கறாரு."

சாயங்காலம் போய்க் கொட்டகை வாசலில் சத்தம் போடாமல் நின்றேன். கலியமூர்த்தி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். ரம்பத்தில் அறுத்த கட்டையை முதலில் முரட்டுத் தாளால் தேய்த்தான். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கட்டையை ஊதிப் பார்த்துவிட்டு நைஸ் தாளை எடுத்தான். கண் கட்டையிலேயே இருந்தது. இடது கை மட்டும் தனியாக நீண்டு, சுவரைத் தடவி, சுவிட்சை அணைத்தது. அந்த அமைதியில் கடைசித் தேய்ப்பைத் தேய்க்க ஆரம்பித்தான். தகரத்து ஆணி ஓட்டை வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்தது. அதில் தூசு பொங்கி அவன் முகத்துக்குப் போனது.

"கலியமூர்த்தி! ஏன்டா நிறுத்தின?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "எத?"

"ப்ளோயர."

சுவிட்சைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். "காத்து பட்டா வெடிச்சிடும்ல?" என்றான்.

"மரம்டா இது. மரம் எங்கடா வெடிக்கும்?"

அவன் முகத்தில் வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்டா," என்றான் கடைசியில். "நான் நிறுத்தல. கை நிறுத்துது."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. பச்சைச் சாமான் ஒன்றுகூட இல்லாத கொட்டகையில் உட்கார்ந்து, வெடிக்கவே முடியாத கட்டையைக் காப்பாற்ற, இல்லாத மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறானே என்று இருந்தது. எந்த ஆலைக்கு இன்னும் உழைத்துக்கொண்டிருந்தது அந்தக் கை?

மறுநாளே சுவிட்சைப் பிடுங்கினேன். ப்ளோயரையும் மேசை மேல் தொங்குகிற லைட்டையும் ஒரே லைனில் சேர்த்து, சுவிட்சை வீட்டுக்குள் அடுப்படிச் சுவரில் கொண்டுபோய் வைத்தேன். அஞ்சலை போட்டால்தான் வெளிச்சம், வெளிச்சம் வந்தால் ப்ளோயரும் ஓடும். அடுத்த வாரம் போனேன். கலியமூர்த்தி நைஸ் தாளும் கட்டையும் எடுத்துக்கொண்டு, ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்த கொட்டகையை விட்டு வெளியே வந்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தான். "உள்ள காத்து ஆவல. கை ஓட மாட்டேங்குது," என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை. அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அஞ்சலை சத்தம் போடவில்லை. அவன் கையிலிருந்த கட்டையை வாங்கினாள். "நீங்க இங்க இருந்து சொல்லுங்க. நான் தேய்க்கறேன்," என்று கொட்டகைக்குள் போய் அந்த மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

வைக்கோல் சுற்றின கைக்குத் தேய்ப்பு எளிதில் வரவில்லை. அதற்குள் அவனுக்கு டாக்டர் சொல்லி வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்திருந்தார்கள். கொட்டகை ஜன்னலுக்கு வெளியே, அதிலிருந்து நீண்டு வந்த குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான். தேய்த்து முடித்ததைத் துணியால் துடைத்து அவள் நீட்டுவாள். அவன் கட்டை விரலால் தடவித் திருப்பிக் கொடுப்பான். "இன்னும் கொஞ்சம்." மறுபடி தேய்ப்பாள். "இங்க ஒரு எடத்துல." மறுபடி தேய்ப்பாள். "நானே தேஞ்சி போயிடுவேன் போலருக்குது," என்று ஒருநாள் சொன்னாள். அவனுக்குச் சிரிக்க மூச்சு இல்லை, கையை மட்டும் ஆட்டினான். அந்த மாசி மகத்துக்கு நடைவண்டிகள் தயாராகிவிட்டன. கடைசி வண்டியின் குறுக்குக் கட்டையை ஒரு முறை தடவினான், திரும்ப ஒரு முறை தடவினான். "ம்," என்றான். திருப்பிக் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டான்.

கோயிலில் கடை போட அஞ்சலைதான் போனாள், துணைக்கு நான் போனேன். கொண்டுபோனதெல்லாம் விற்றது. அதை வந்து சொன்னபோது கண்ணைத் திறந்து பார்த்தான், கேட்டானா என்று தெரியவில்லை.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் போய்விட்டான். விடிந்ததும் ஆள் வந்து சொன்னார். நான் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஆக்சிஜன் மிஷின் மூலையில் சத்தமில்லாமல் இருந்தது. அந்த வீட்டில் அது நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அஞ்சலை கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் அழவில்லை. எல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அண்ணன் மகன் மரக்காலில் நெல் நிரப்பிக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தான். விளக்கேற்றினான். ஒரு கொத்துப் பத்தியைக் கொளுத்தி நெல்லில் செருகினான். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பழக்கம் விடவில்லை, புகை எங்கே போகிறது என்று பார்த்தேன். ஃபேன் காற்றில் கலைந்து, அவன் முகத்தின் மேல் படிந்து, அப்புறம்தான் மேலே போனது.

அஞ்சலை சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ, யாருங்க பத்தி வச்சது? எடுங்க! அவருக்குப் பொக ஆவாதுங்க. மூச்சு வாங்கும். எடுங்க!"

 பக்கத்திலிருந்த பெரியம்மா அவளை இழுத்து மடியில் சாய்க்கப் பார்த்தாள். "இனிமே என்னாடி மூச்சு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். அண்ணன் மகன் என்ன செய்வதென்று தெரியாமல் பெரியவர்களைப் பார்த்தான். அஞ்சலை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்ப் பத்திக் கொத்தை நெல்லிலிருந்து உருவினேன். சாவு வீட்டில் தலைமாட்டுப் பத்தியை எடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். பின்வாசல் வழியாக எடுத்துப்போய், ப்ளோயர் வைத்திருந்த மேடைக்குப் பக்கத்தில் மண்ணில் அழுத்தித் தேய்த்தேன். ஒரு நுனியில்கூடப் புகை இல்லை என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

"அணைச்சிட்டீங்களாண்ணே?"

"அணைச்சிட்டேம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

முருகவேலு, மோட்டார் இரண்டு எச்.பி. போதும். மற்றதெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். நீயும் பினிஷிங் பிரிவில் கரண்ட் லைன் பார்த்தவன், அந்தச் சுவிட்சை நீயும் எத்தனையோ தடவை அணைத்திருப்பாய். சுவிட்சை மட்டும் உன் கைக்கு எட்டாத இடத்தில் வை.